சொந்தக்காரர் இல்லாத பாதை

யசோதினி மோட்டார் சைக்கிளில் தனியாக நோர்வேயின் வடமுனைவரை போகப் போகிறாள் என்ற செய்தி குளிர்காலம் முழுவதும் காதும் காதும் வைத்த மாதிரித்தான் இருந்தது. பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் சனம் கூடுகிற லா ஷப்பலில் ஒரு செய்தி அவ்வளவு காலம் வெளியே வராமல் இருந்ததே பெரிய காரியம். அதைக் கெடுத்தவர் அவளுடைய கணவர் குணரத்தினம். கெட்ட எண்ணத்தில் கெடுத்தார் என்று சொல்ல முடியாது. கெட்ட எண்ணத்தில் ஒன்றைச் செய்வதென்றால் அவருக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அங்கே ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் அவருக்கு ஒரு பலசரக்குக் கடை. அவள் சென் தெனியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்தாள். மகள் படிப்புக்காக லியோனுக்குப் போன பிறகு, ஐம்பதைத் தொடுகிற வயதில், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கான பெர்மி, அதுதான் லைசென்ஸ், எடுத்தாள். முதல் தடவை பெயில். இரண்டாம் தடவை பாஸ் பண்ணி, கைமாறிய ஒரு மோட்டார் சைக்கிளும் வாங்கிவிட்டாள். இந்த வயதில் இது தேவையா என்று கேட்டவர்களிடம், "அப்ப எந்த வயசிலை விட்டிருப்பியள்?" என்று திருப்பிக் கேட்டாள். கேட்கிறவர்கள் குறைந்துபோனார்கள்.

கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு மேல் பெரிய கடதாசி வரைபடத்தை விரித்து வைத்துப் பென்சிலால் பாதை கீறினாள். பெருந்தெரு ஒன்றும் கிடையாது. டென்மார்க்கில் மேற்குக் கடலோரம், அங்கிருந்து கப்பல், சுவீடனில் காட்டுக்குள் போகும் மண்பாதைகள், மலையைத் தாண்டினால் நோர்வேக் கரை, பிறகு படகு படகாக வடக்கே. சுவீடனிலும் நோர்வேயிலும் வீடுகளிலிருந்து எட்டவாக எங்கே வேண்டுமானாலும் ஓர் இரவு கூடாரம் அடிக்கலாம், ஒருவரையும் கேட்கத் தேவையில்லை என்று வாசித்தாள். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

இத்தனை வருடமாக அவள் எங்கே போனாலும் யாரோ ஒருவரின் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். லண்டன் என்றாலும் சூரிச் என்றாலும் அதே சோபா, அதே இடியப்பம், அதே கலியாண வீடியோ. ஒரு கோடையாவது இன்னாரின் மனைவி, இன்னாரின் மச்சாள் என்று இல்லாமல், ரோட்டில் போகிற ஒருத்தியாக மட்டும் இருந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெரிய ஆசை இல்லை என்றுதான் நினைத்தாள்.

குணரத்தினம் செய்ததெல்லாம் வழி விசாரித்தது மட்டும். ஒஸ்லோவில் இருக்கும் தன் பெரியம்மாவின் மகன் கரிகாலனுக்குப் போன் எடுத்து, "அண்ணை, உங்கை றோட்டுகள் எப்பிடி?" என்று கேட்டார். எங்களுடைய சனத்திடம் வழி கேட்பதென்றால், அந்த வழியில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதுதான். கரிகாலனும் அப்படித்தான் விளங்கிக்கொண்டார். அடுத்த நாள் காலையில் யசோதினி கண் விழித்தபோது அவளுடைய போனில் "யசோவின் நோர்வேப் பயணம்" என்று ஒரு வட்ஸ்அப் குழு. அதில் அவளுக்குத் தெரிந்தவர்களைவிடத் தெரியாதவர்கள் அதிகம்.

டென்மார்க்கின் ஹேர்னிங்கில் இருந்து தர்மிளா மச்சாள் குரல்பதிவாகவே அனுப்பியிருந்தாள். "நீர் வாற நாளுக்குத்தான் பிள்ளையின்ரை சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் எடுத்திருக்கிறம். சீலையோடை வாரும்." பேர்கனில் ஒரு சித்தப்பா, துரொம்சோவில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர். அவரை எவரும் கண்ணால் கண்டதில்லை, ஆனால் சொந்தம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சொந்தக்காரர் இருக்கும் ஊரால் போய் அவர்கள் வீட்டுப் படி ஏறாமல் வந்தால் அந்தக் கதை எத்தனை கலியாண வீடுகளுக்குப் போகும் என்று யசோதினிக்குத் தெரியும். அவளே அப்படிக் கதைத்திருக்கிறாள்.

அது போதாதென்று பார்சல்கள் வரத் தொடங்கின. லா ஷப்பலை விட்டு வெளிநாடு போகிறவள் வெறுங்கையோடு போக இந்தத் தெரு விட்டதாகச் சரித்திரமில்லை. வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, மாங்காய் ஊறுகாய்ப் போத்தல் என்று கடைக்கு வந்தவர்கள் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்துச் சேலைக் கடைக்காரி பேர்ளி, பேர்கனில் கொடுக்கச் சொல்லி ஒரு கூறைச் சேலையே கொண்டுவந்தாள். "சின்னப் பார்சல்தான் அக்கா, மடிச்சால் தெரியவே தெரியாது." சைக்கிளின் இரண்டு பக்கப் பெட்டிகளும் நிரம்பின. யசோதினி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

கரிகாலனின் கடைசிச் செய்திதான் அவளை எழுப்பிக் கடைக்கு நடக்க வைத்தது. மலைப்பாதை பெண்களுக்குச் சரிவராது, ஒஸ்லோவுக்கு வந்தால் போதும், அங்கிருந்து சைக்கிளை ஒரு வான் வண்டியில் ஏற்றி எல்லோரும் குடும்பமாகவே வடக்கே போவோம் என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடையின் இரும்புக் கதவு பாதி இறக்கியிருந்தது. குணரத்தினம் பின்னறையில் பருப்புப் பை கட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, இது என்ரை பயணமோ, உங்கடை ஆக்களின்ரை பயணமோ?"

"ஆக்கள் இருந்தால் உமக்கு உதவிதானே."

"நான் உதவி கேட்டனானோ? வானிலை ஏத்திக்கொண்டு போறதுக்கோ நான் இந்தப் பாடுபட்டு பெர்மி எடுத்தனான்? விழுந்திடுவன் எண்டு பயமெண்டால் நேரா சொல்லுங்கோ."

"அது இல்லை. நீர் நல்லா ஓடுவீர். நான் பின்னாலை இருந்து வந்தனான்தானே."

"அப்ப என்ன?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வரைபடத்தைத் தன் பக்கமாக இழுத்தார்.

"போற வழி எல்லாம் வடிவாக் கீறி இருக்கிறீர். எங்கை மண்பாதை, எங்கை படகு, எங்கை பெற்றோல் எல்லாம் இருக்கு. திரும்பி வாற வழி எங்கை?"

யசோதினி குனிந்து பார்த்தாள். பென்சில் கோடு வடக்கே கடலில் போய் முட்டி நின்றது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"அது பிறகு கீறலாம் எண்டு விட்டனான்."

"பனி விழத் தொடங்கின நாளிலை இருந்து கீறுறீர்." அவர் குரலை உயர்த்தவில்லை. "ஒவ்வொரு ஊரிலையும் எங்கடை ஆள் ஒராள் இருந்தால், நீர் இப்ப எங்கை நிக்கிறீர் எண்டாவது எனக்குத் தெரியும். அதுக்குத்தான் அண்ணையிட்டைச் சொன்னனான்."

அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது இரக்கம், அதுவும் யார்மீது என்று தெரியாத இரக்கம். இந்த மனிதரை விட்டுப் போக வேண்டும் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. திரும்பி வருவதைப் பற்றியும் ஒரு நாளும் நினைக்கவில்லை. இரண்டும் உண்மையாக இருந்தன. அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது, தெரிந்ததும் பயமாக இருந்தது.

"வருவன்," என்றாள்.

கொஞ்சம் பிந்தித்தான் சொன்னாள். குணரத்தினம் கடைக்காரர். "நாளைக்கு வாறன்" என்று சொல்வதற்கு முன் கடன் சொன்ன ஒருவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதை வைத்தே ஆள் வருமா வராதா என்று சொல்லிவிடுவார்.

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை எடுத்து, அந்தக் குழுவில் ஒரு விரலால் நெடுநேரம் எழுதினார். அவளுடைய போன் அதிர்ந்தது. "பயண வழி மாறிவிட்டது. ஒருவரும் காத்திருக்க வேண்டாம். பார்சல் தந்தவர்கள் கடையில் வந்து எடுக்கவும்."

யசோதினி பென்சிலை எடுத்தாள். கோடு நின்ற இடத்தில் வைத்துத் தெற்கே இழுக்கத் தொடங்கினாள். அவர் தன் கையை வரைபடத்தின் மேல் வைத்து மறித்தார்.

"எனக்குக் காட்டுறதுக்காகக் கீற வேண்டாம், யசோ," என்றார்.

வெளியே யாரோ இரும்புக் கதவைத் தட்டினார்கள். அவர் திறக்கப் போனார்.