சாவியோடு வந்தவள்

ஜெயசெல்வி நோட்டை விரித்துக்கொண்டு எழுந்து நின்றபோது உள்ளறையில் என் கணவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. மின்நிலையத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து ஆறரைக்கு வந்து, நான்கு இட்லி தின்றுவிட்டுப் படுத்தவர். ஞாயிறு பதினொன்றரை மணிக்கு எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில் நான் நடத்தும் பிரெஞ்சு வகுப்பு அதனால் எப்போதும் தாழ்ந்த குரலில்தான் நடக்கும். ஒரு மொழியை ஏதோ திருட்டுக் காரியம்போலக் கிசுகிசுத்தே கற்றுக்கொள்கிறவர்கள் உலகத்தில் என் மாணவர்கள் மட்டுமாகத்தான் இருக்கும். மாணவர்கள் என்றால் பெரிய கூட்டம் இல்லை, மூன்றே பேர். கனடா போகும் கனவில் இருக்கும் காண்ட்ராக்ட் எலக்ட்ரீசியன் ஆனந்த்ராஜ், பள்ளியில் பிரெஞ்சு எடுத்துவிட்டு விழிக்கும் பதினொன்றாம் வகுப்பு ஷைனி, அப்புறம் ஜெயசெல்வி.

அந்த வாரம் நான் கொடுத்திருந்த வீட்டுப்பாடம் இதுதான்: யாரோ ஒருவர் வருகிறார், அந்த வருகையை ஆறேழு வாக்கியங்களில் எழுத வேண்டும். யார் வருகிறார், எப்போது, எதில், யாரோடு, கையில் என்ன. அவ்வளவுதான். மூன்று மாதம் படித்தவர்களுக்கு அதற்குமேல் தெரியாது. நடந்து முடிந்ததையும் இனி நடக்கப்போவதையும் சொல்ல அவர்களுக்கு இன்னும் வராது. எல்லாமே இப்போது கண்முன்னால் நடப்பதாகத்தான் எழுதியாக வேண்டும். ஒருவர் படித்து முடித்ததும் மற்ற இருவரும் நானும் ஆளுக்கொரு கேள்வி கேட்போம். முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும், தமிழில் ஒரு வார்த்தை பேசக்கூடாது. புதுச்சேரியில் மூன்று வருடம் படித்த காலத்தில் எனக்கு யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை என்ற ஆதங்கத்தில் நானே ஏற்படுத்திய விதி அது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆனந்த்ராஜ் தன் சூப்பர்வைசரின் வருகையை எழுதியிருந்தான். "சூப்பர்வைசர் வருகிறார். அவர் தாமதமாக வருகிறார். அவர் கோபமாக இருக்கிறார். டீ ஆறிப்போயிருக்கிறது." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஷைனி தன் தங்கை பள்ளிப் பேருந்தில் வருவதை எழுதி, பேருந்துக்கு ஆறு நிறம் பூசியிருந்தாள், தெரிந்த நிறமெல்லாம் தீர்ந்துபோகட்டும் என்று. அதற்குப் பிறகுதான் ஜெயசெல்வி எழுந்தாள்.

அவளுக்கு இருபத்தேழு வயது. போன வருடம் ஜனவரியில் கல்யாணம். மாப்பிள்ளை பாஸ்கல் பிரெஞ்சுக் குடிமகன், பூர்வீகம் காரைக்கால். இருபத்திரண்டு நாள் இங்கே இருந்துவிட்டு பிரான்சுக்குத் திரும்பியவர், அவளை அழைத்துக்கொள்ள பேப்பர் தயாராகிறது, பேப்பர் தயாராகிறது என்று ஒன்றரை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரெஞ்சை அங்கே வந்தே கற்றுக்கொள்ளலாம், அவசரமில்லை என்றும் சொல்லியிருந்தார். அவருக்கு சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று அவரிடம் சொல்லாமல் என்னிடம் சேர்ந்தவள் இவள்.

மெல்லிய குரலில் பிரெஞ்சில் படித்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இது ஞாயிற்றுக்கிழமை. இது மாலை. ஒரு பெண் வருகிறாள். அவள் மணி அடிக்கவில்லை. அவளிடம் சாவி இருக்கிறது. ஒரு சின்னப் பெண்ணும் வருகிறாள். சின்னப் பெண், அப்பா என்கிறாள். சீலிங் வெள்ளையாக இருக்கிறது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு தப்பு கிடையாது. அதிலும் அந்த 'மணி அடிக்கவில்லை'! எதிர்மறை வாக்கியம் முந்தின வாரம்தான் நடத்தியிருந்தேன். மற்ற இருவரும் அதைத் தொடவே பயந்திருந்தார்கள், இவள் எடுத்துப் போட்டிருக்கிறாள். "த்ரே பியான், த்ரே பியான்" என்று பாராட்டி மேசையில் விரலால் தட்டினேன்.

ஆனந்த்ராஜ் முதல் கேள்வியைக் கேட்டான். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள், உயரமா, குள்ளமா?

"எனக்குத் தெரியாது. நான் அவளைப் பார்க்கவில்லை."

சின்னப் பெண்ணுக்கு என்ன வயது என்று ஷைனி கேட்டாள்.

"எனக்குத் தெரியாது. குரல் சின்னதாக இருக்கிறது."

ஆளைப் பார்க்காமல் வருகையை எழுதியிருக்கிறாளே, கண்தெரியாத ஒருத்தியாகத் தன்னைக் கற்பனை செய்திருக்கிறாள் போல என்று எண்ணிக்கொண்டேன். கெட்டிக்காரி என்றும் நினைத்தேன். சீலிங் ஏன் வருகிறது, இந்தக் காட்சியில் நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன்.

"நான் போனில் இருக்கிறேன்" என்றாள் பிரெஞ்சில். "போன் மேசைக்குள் இருக்கிறது."

மேசைக்குள் இல்லை, மேசைமேல் என்று திருத்தினேன். ஆமாம், திருத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அவளும் "மேசைமேல்" என்று ஒழுங்காகத் திருப்பிச் சொன்னாள். ஆனந்த்ராஜுக்கு இன்னொரு கேள்வி தோன்றிவிட்டது. எல்லாரும் ஒரு சுற்றுக் கேட்டாயிற்று என்று நான் அவனை நிறுத்தியிருக்கலாம். அந்த வீடு யாருடையது என்று அவன் கேட்டான்.

"வீடு என் கணவருடையது" என்றாள் ஜெயசெல்வி, முழு வாக்கியத்தில்.

ஷைனி மட்டும் லேசாகச் சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஜெயசெல்வி நோட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி அடுத்த கேள்விக்காக நின்றுகொண்டிருந்தாள். அவளை உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஆனந்த்ராஜ்தான் முதலில் எழுந்தான். விதியை மீறித் தமிழிலேயே, "டீச்சர், நாங்க கெளம்பறோம்" என்று சொல்லி ஷைனியின் பையையும் தானே எடுத்துக்கொண்டு அவளோடு வெளியேறினான். இரண்டு சைக்கிளும் கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்டது.

"எப்போ நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"போன ஞாயித்துக்கெழம டீச்சர். வீடியோ கால்ல பேசிகினு இருந்தாரு. கதவு தொறக்கற சத்தம் கேட்டுது. அவங்க அப்ப வர்றதா இல்ல போலருக்கு. பதறிப்போயி போன மல்லாக்க மேச மேல வச்சிட்டாரு. கட் பண்ணல. நான் சீலிங்கையே பாத்துகினு இருந்தேன். சீக்கிரம் வந்துட்டீங்களேன்னு அவங்க கிட்ட சொன்னாரு. அது நமக்கு நாலாவது பாடத்துல வந்துச்சு டீச்சர். உடனே புரிஞ்சிச்சு." அவள் உட்கார்ந்தாள். "அப்பறம் அந்தப் புள்ள கூப்பிட்டுது. கொஞ்ச நேரம் கழிச்சி கட்டாயிடுச்சி. மறுநாள் கேட்டா, நெட்வொர்க் போயிடுச்சின்றாரு."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"இல்ல. வாயத் தொறந்தா தமிழ்ல வரல. ஒரு வாரமா மனசுல வச்சிகினு கெடந்தேன். நீங்க இந்த ஓம்ஒர்க்க குடுத்திருந்தீங்க. இதுலதான் என்னால சொல்ல முடிஞ்சுது. இதுல அழறதுக்கு எனக்கு இன்னும் தெரியாதுல்ல."

எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அவளுக்காக இரங்கியதைவிட, அந்தக் கணத்தில் எனக்கு ஞாபகம் வந்த ஒரு காகிதம்தான் காரணம். கல்யாணத்துக்கு முன்பு அவள் அப்பா ஆரோக்கியதாஸ் ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் எங்கள் பிளாக்குக்கு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய நகல்கள், எல்லாம் பிரெஞ்சு. "ஸ்டெல்லா டீச்சர், எல்லாத்தையும் படிக்க வாணாங்க. பையன் பெர்மனெண்டா, காண்ட்ராக்டா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார். வேறு ஊரில் இந்தக் கேள்வி சிரிப்பாக இருக்கும். அவர் நிலக்கரி மைன்ஸில் பத்தொன்பது வருடம் காண்ட்ராக்டாக உழைத்து, தலை நரைத்த பிறகு பெர்மனெண்ட் ஆனவர். இந்த நகரியத்தில் ஒரு ஆம்பிளையைப் பற்றி முதலில் கேட்பதும் கடைசியில் கேட்பதும் அதுதான். நானும் இதே ஊர்க்காரிதானே, அதைத்தான் தேடினேன். வேலை ஒப்பந்தத்தில் காலவரம்பு இல்லை என்று இருந்தது. பெர்மனெண்ட் என்றேன். அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

இரண்டாவது காகிதம் வருமான வரி சம்பந்தப்பட்டது. வருமானம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லிவிட்டு மூடிவிட்டேன். அதில் குழந்தைகள் என்ற சொல்லுக்கு நேரே ஒரு கட்டம் இருந்தது. கட்டத்துக்குள் ஒன்று என்ற எண் இருந்தது. என் கண் அதைப் பார்த்தது, பார்த்துவிட்டுத் தாண்டிப்போயிற்று. எல்லாருக்கும் அச்சடித்த படிவம்தானே என்று அலட்சியம். அவர் கல்யாணமாகாதவர் என்று மாதா கோயிலில் கொடுத்த பேப்பரெல்லாம் சரியாக இருந்தது. அங்கே கோயிலில் கட்டாமலே குடும்பம் நடத்துவார்கள் என்பது எனக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. பிரெஞ்சு தெரிந்தவள் என்று பிளாக் பிளாக்காகப் பெயர் வாங்கியவள், ஒற்றை எண்ணைப் படிக்கத் தெரியாமல் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்க உடந்தையாக இருந்திருக்கிறேன்.

மறைத்துவிடலாம் என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் எதிரே அவள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது முடியவில்லை. கொட்டிவிட்டேன். கட்டத்தை, எண்ணை, எல்லாவற்றையும்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நாங்க கேட்டது பெர்மனெண்டான்னு மட்டுந்தான டீச்சர்" என்றாள். "நீங்க சொன்னது சரிதான்."

அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பையிலிருந்து போனை எடுத்தாள். "எனக்கு அந்தம்மாகிட்ட பேசணும். நாலு வரி எழுதிக் குடுங்க."

"மொதல்ல அவர்கிட்ட கேளேன்மா."

"அவரு தமிழ்ல பேசுவாரு டீச்சர். நான் நம்பிடுவேன்." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "வர்ற மே மாசம் அப்பா ரிட்டையர்டு. குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். நான் போயிடுவேன்னு நெனச்சிகினு சேத்தியாத்தோப்புல சின்னதா ஒரு வூடு பாத்து வச்சிருக்காரு, அவங்க ரெண்டு பேருக்கு மட்டும். நான் எங்க இருக்கப்போறேன்னு எனக்குத் தெரியணும். என்னப் பத்தி அந்தம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் கேக்கணும். தெரிஞ்சே இருந்தா ஒரு கணக்கு. தெரியலன்னா அவங்களும் என்ன மாதிரிதான்."

ஒருமுறை தன் போன் ரிப்பேர் என்று பாஸ்கல் வீட்டிலிருக்கும் டேப்லெட்டிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். இந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடாதே என்று சொல்லியிருக்கிறார். இவள் அதை அழிக்காமல் வைத்திருந்தாள். ஞாயிறு காலையில் அவருக்கு டூட்டி. இங்கே மணி பன்னிரண்டேகால். அங்கே ஒன்பது ஆகியிருக்காது.

கைக்குக் கிடைத்தது சிவப்புப் பேனாதான். அவள் நோட்டில் எழுதினேன்: என் பெயர் ஜெயசெல்வி. நான் இந்தியாவில் இருக்கிறேன். நான் பாஸ்கலின் மனைவி. உங்களுக்கு என்னைத் தெரியுமா? முதல் இரண்டும் முதல் பாடம். நான்காவதில் ஒரு சொல் மட்டும் அவளுக்குப் புதிது. ஐந்தாறு தடவை சொல்லிப்பார்த்தாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன், குடிக்கவில்லை. போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்தி, நோட்டை அதன் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே அழுத்தினாள். அவள் பக்கத்தில் உட்காரும் தகுதி எனக்கு இல்லை என்று தோன்றினாலும் உட்கார்ந்துகொண்டேன்.

ஆறாவது ரிங்கில் எடுத்துவிட்டார்கள். திரை முழுக்க ஒரு குழந்தை முகம். தலை வாராத சுருட்டை முடி, முன்பல் இரண்டு இல்லை, வாயோரம் பற்பசை நுரை. ஐந்தாறு வயது இருக்கும். கல்யாண ஆல்பத்தில் பார்த்த பாஸ்கலின் நெற்றி அப்படியே அந்த முகத்தில் இருந்தது. நான் கையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"போன்ழூர்" என்று வணக்கம் சொன்னது குழந்தை.

ஒரு பெண்ணிடம் சொல்வதற்காகத் தயாராக இருந்த வாக்கியங்கள் ஜெயசெல்வியிடம் இருந்தன. குழந்தையிடம் சொல்ல எதுவுமில்லை. "போன்ழூர்" என்று அவளும் சொன்னாள்.

நீ யார் என்று கேட்டது குழந்தை, பயமில்லாமல்.

ஜெயசெல்வியின் விரல் நோட்டில் மூன்றாவது வரியின் மேல் இருந்தது. அந்த விரல் மெதுவாக மேலே ஏறி முதல் வரியில் நின்றது. "என் பெயர் ஜெயசெல்வி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குழந்தை அந்தப் பெயரைச் சொல்லிப்பார்த்து, பாதியில் நாக்குச் சுருண்டு, கலகலவென்று சிரித்தது. அம்மா என்று கூவிக்கொண்டு டேப்போடு ஓடத் தொடங்கியது.

திரை ஆடியது. செருப்புகள் அடுக்கிய வாசல், மூன்று கோட்டுகள் தொங்கும் கொக்கிகள், காயப்போட்ட சின்னக் காலுறைகள், சுவரில் மாதாவின் படம், ஒரு நடைவழி, ஜன்னல் வெளிச்சம். ஒன்றரை வருடமாக வீடியோ காலில் அவளுக்கு ஒரே ஒரு சுவரைத்தான் காட்டியிருந்தார்கள். தான் போய் வாழவேண்டிய வீட்டை ஜெயசெல்வி இப்போதுதான் பார்த்தாள், ஒரு குழந்தையின் கையிலிருந்தபடி. கண்ணைக்கூடச் சிமிட்டாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுப்பங்கரை வந்தது. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் நின்றது. யார் அது என்று ஒரு பெண்குரல் கேட்டது. ஜெயசெல்வி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். சோப்பு நுரை வழியும் ஈரக் கை ஒன்று எங்களை நோக்கி நீண்டது.