ஆண்டுதோறும் ஒரு பிரியாவிடை

பங்குனி பிறந்தால் அந்த நீச்சல் தடாகம் பட்டப்பகலிலேயே கனவு காணத் தொடங்கிவிடும். அதற்குக் காரணம் அரசாங்கம். வரவு செலவுத் திட்டம் நிறைவேறாமல் இழுபடும்போதெல்லாம், மானியத்தை நம்பி அந்தத் தடாகத்தை நடத்தும் சமூக நிலையம் முதலில் மண்டபத்தின் சூடாக்கியைக் குறைக்கும். பின்னர் விளக்குகளிற் பாதியை அணைக்கும். தண்ணீர் மட்டும் பழைய சூட்டிலேயே இருக்கும். குளிர்ந்த காற்றும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்குமிடத்தில் வெண்புகை எழுந்து சோம்பலாகக் கூரைக்கு ஏறும். அதற்குள்ளே பெண்களின் தலைகள், கழுத்துக்குக் கீழே உடம்பென்று ஒன்று இருப்பதையே மறந்தவைபோல, மெல்ல அலைந்து திரியும்.

பிரதீபா அந்தத் தலைகளுக்கு ஆசிரியை. புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், மில்லிக்கன் என்ற ஊரில் இருந்த அந்த நிலையத்தில், மூட்டு நோகும் தமிழ்ப் பெண்களுக்குத் தண்ணீருக்குள் உடற்பயிற்சி கற்பித்துவந்தாள். நிரந்தர நியமனம் இல்லை. நிதி வந்தால் வேலை உண்டு. வராவிட்டால், வாசற்கதவில் ஒட்டியிருக்கும் அறிவித்தலின்படி எல்லாம் மூடப்படும். அந்த அறிவித்தலில் ஆண்டு மட்டுமே மாறும். ஏனைய சொற்கள் பழுதின்றி இருந்தமையால் எவரும் அவற்றைத் திருத்தவில்லை.

முதன்முதல் அது ஒட்டப்பட்டபோது பெண்கள் மெய்யாகவே கலங்கிப்போனார்கள். யாழ்ப்பாணத்தில் பாடசாலை அதிபராக இருந்த புனிதவதி அன்ரி முறைப்படி ஒரு பிரியாவிடை ஏற்பாடு செய்தார். பொன்னாடை போர்த்தினார்கள். வாழ்த்துப்பா வாசித்தார்கள். அழுகையில் பாதி ஈரம் தடாகத்துடையது, மீதி அவர்களுடையது. அடுத்த கிழமையே நிதி வந்துவிட்டது. பிரதீபா கூச்சத்தோடு பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்தாள். மறு ஆண்டும் அறிவித்தல் வந்தது, மறுபடியும் பிரியாவிடை, மறுபடியும் நிதி. அதன்பின் அது நேர்த்திக்கடன் ஆகிவிட்டது. பிரியாவிடை வைத்தால் பட்ஜெட் நிறைவேறும் என்பது அந்தத் தடாகத்தில் நிறுவப்பட்ட உண்மை. பொருளியல் அறிஞர்கள் இன்னும் அதைக் கவனிக்கவில்லை.

இந்த ஆண்டின் பிரியாவிடைக்குப் பிரதீபா வந்தபோது, பக்கத்து நகரான றிச்மண்ட் ஹில்லில் ஒரு மருத்துவ நிலையத்தின் நிரந்தர வேலையை ஏற்றுக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மாலை தொலைபேசியில் சம்மதம் சொல்லியாகிவிட்டது. இனி இவர்களுக்குச் சொல்ல வேண்டும். இன்றே சொல்ல வேண்டும்.

"அன்ரி, இந்த முறை நான் உண்மையாவே..." என்று தொடங்கினாள்.

"சொல்லும், சொல்லும்" என்றார் புனிதவதி அன்ரி, பொன்னாடையை உதறி விரித்தபடி. "முகத்தையும் உப்பிடியே வைச்சுக்கொள்ளும். அப்பதான் பலிக்கும்."

"போன வருசம் ஆள் சிரிச்சுப்போட்டா. அதுதான் காசு வரச் சுணங்கினது" என்றது புகைக்குள்ளிருந்து ஒரு தலை.

பயிற்சி உடையின்மேல் பட்டுக்கரைப் பொன்னாடையோடு பிரதீபா நின்றாள். வாழ்த்துப்பா வாசிக்கப்பட்டது. புகை எழுந்து சொற்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு மேலே போயிற்று. கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, தான் எப்போதோ போய்விட்டதாகவும், போன பிறகும் ஒவ்வொரு பங்குனியிலும் இங்கே வந்து நிற்பதாகவும் தோன்றியது.

வாழ்த்துப்பா முடியுமுன் உயிர்காப்பாளர் ஸ்டெபனி அலுவலகத்திலிருந்து ஓடிவந்தாள். ஈரத்தரையில் ஓடக்கூடாதென்று மற்றவர்களை அதட்டுபவள் அவளே. கோடை முடியும்வரை நிதி நீடிக்கப்பட்டுவிட்டதாம், தடாகம் மூடப்படாதாம்.

"பாத்தியளே!" புனிதவதி அன்ரி கைகளைத் தட்டினார். "பா முடியக்கூட இல்லை. அதுக்குள்ளை வந்திட்டுது!"

ஆரவாரம் சுவர்களில் மோதிமோதித் திரும்பியது. கரையில் நின்றவர்களும் தண்ணீருக்குள் இறங்கினார்கள். பிரதீபாவும் பொன்னாடையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றபோதுதான் வாய் திறந்தது.

"அன்ரி, நான் போறன்."

"ஓம் ஓம், வருசா வருசம் போறனீர்தானே."

"பட்ஜெட்டாலை இல்லை. எனக்கு வேறை வேலை கிடைச்சிருக்கு. திங்கள் தொடங்கிறன்."

தலைகள் நின்றன. அரசாங்கம் இத்தனை ஆண்டுகள் அச்சுறுத்தியும் செய்யாத ஒன்றைத் தான் இரண்டு மூன்று வாக்கியங்களிற் செய்து முடித்துவிட்டதாகப் பிரதீபாவுக்குப் பட்டது.

முதலிற் பேசியவர் தெய்வநாயகி அன்ரி. மட்டக்களப்புக்காரர், எப்போதும் ஓரத்துக் கம்பியைப் பிடித்தபடியே நிற்பவர். "நிரந்தர வேலையா மகள்?"

"ஓம் அன்ரி."

"அப்ப போகத்தானே வேணும். ஒவ்வொரு பங்குனியும் உங்கட முகத்தப் பாக்க எனக்குப் பாவமா இருக்கும்."

"அது சரி" என்றார் புனிதவதி அன்ரி. குரல் தணிந்திருந்தது, கோபம் தணியவில்லை. "எங்களுக்கு இனி ஆர்?"

"ஆள் தேடுவினம். தமிழ் தெரிஞ்ச ஆளெண்டா கொஞ்சக் காலம் செல்லும்."

"கொஞ்சம் எண்டா? பட்ஜெட் மாதிரியோ?"

எவரும் சிரிக்கவில்லை. சொன்னவரும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. மேலே, அணைத்துவைத்த விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. பிரதீபா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"கரையிலை ஏறி இரும்" என்றார் புனிதவதி அன்ரி.

"வகுப்பு முடியேல்லை, அன்ரி."

"நீர் போயிட்டீர். போன ஆள் தண்ணிக்குள்ளை நிக்கிறேல்லை. ஏறும்."

பிரதீபா ஏறினாள். படிக்கட்டின் கடைசிப் படியில் உடம்பின் பாரமெல்லாம் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. துவாயைப் போர்த்துக்கொண்டு கரையிலிருந்த வாங்குப் பலகையில் அமர்ந்தாள். ஸ்டெபனி தன் உயரமான கதிரையிலிருந்து அவளைக் கேள்வியோடு பார்த்தாள். பிரதீபா தோளைக் குலுக்கினாள்.

தண்ணீருக்குள் புனிதவதி அன்ரி அவள் நின்ற இடத்துக்கு நடந்து வந்தார். தொண்டையைச் செருமினார். "எல்லாரும் கையை நீட்டுங்கோ. பாரத்தைத் தண்ணியிட்டைக் குடுங்கோ." அது வகுப்பில் பிரதீபா வழக்கமாகச் சொல்லும் வாக்கியம், அதிபரின் வாயில் அது காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கச் சொல்வதுபோல் ஒலித்தது. ஆனாலும் கைகள் நீண்டன. புகை கலைந்து வழிவிட்டது.

"இனி வலப்பக்கம் திரும்புங்கோ" என்று ஆணையிட்டுவிட்டு அன்ரி இடப்பக்கம் திரும்பினார். பாதிப்பேர் சொல்லைக் கேட்டார்கள்; பாதிப்பேர் ஆளைப் பார்த்தார்கள். நடுவில் மோதிக்கொண்டார்கள்.

"அதிபர் அம்மா, பள்ளிக்குடத்திலையும் உப்பிடித்தானோ படிப்பிச்சனியள்?" என்றது மோதிய தலைகளில் ஒன்று.

"வாயை மூடிக்கொண்டு திரும்பு."

சிரிப்பு எழுந்தது. தெய்வநாயகி அன்ரி ஒரு கையை மட்டும் கம்பியிலிருந்து எடுத்து, காற்றிலேயே சரியான பக்கம் எதுவென்று காட்டினார்.

கரையில் பிரதீபாவின் உதடுகள் திருத்தம் சொல்லப் பிரிந்தன. அவள் அவற்றைச் சேர்த்து மூடிக்கொண்டாள். தண்ணீருக்குள் அவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.