வருகிற திங்கட்கிழமை

அந்தத் தெருவுக்குப் பதினொரு வாரமாகத் திங்கட்கிழமை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை படுத்தவர்கள் செவ்வாய்க்கிழமை எழுந்தார்கள். வாசலில் இரண்டு நாள் செய்தித்தாள் கிடக்கும், இரண்டு பால் பாக்கெட்டில் ஒன்று புளித்திருக்கும். தெருவுக்கு வெளியே, மருந்துக்கடைப் பக்கமும் பள்ளிக்கூடப் பக்கமும், திங்கட்கிழமை ஒழுங்காக வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. இந்த இருபத்திரண்டு வீடுகளுக்குள் மட்டும் அது நுழையவில்லை. மூன்றாம் வீட்டுக் குமாஸ்தா வாரம் தவறாமல் விடுப்புக் கடிதம் எழுதி மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எதிர்வீட்டுத் தையற்காரருக்குத் திங்கட்கிழமைதான் கடை விடுமுறை. அவர் பதினொரு வாரமாக ஓய்வில்லாமல் தைத்துக்கொண்டிருந்தார். காரணம் எல்லோருக்கும் தெரியும்: கடைசி வீட்டு எடைக்காரர் கட்ட நினைத்த கார் ஷெட்.

எடைக்காரர் முப்பத்தொரு வருஷம் எடை, அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். படிக்கல்லில் கால் கிராம் குறைந்தாலும் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். அவருடைய மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். முதுகும் தேய்ந்துபோனதால் அந்தம்மாவால் நிமிர்ந்து உட்கார முடியாது. முன்சீட்டைப் படுக்கை மாதிரி மாற்றிய பழைய கார் ஒன்றுதான் கதி. அந்தக் காரோ திறந்தவெளிப் பனியில் நின்று நின்று, காலையில் கிளம்பமாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்திருந்தது. அரைமணி தாமதமாகப் போனால் மெஷினில் அரைமணி குறையும். ஆகவே ஷெட் வேண்டும். பெட்ரோல் வாடை பட்டாலே குமட்டுகிறது என்று அந்தம்மா சொன்னதால், வீட்டோடு ஒட்டாமல் பின்பக்கம் பன்னிரண்டு அடி தள்ளித் தனியாகக் கட்டுவதென்று முடிவாயிற்று. கட்டம் போட்ட தாளில் இருவரும் சேர்ந்து படம் வரைந்தார்கள். கார் கிளம்ப அடம்பிடிக்கும் நேரத்தில் படுத்தபடி வெளியே பார்க்க ஒரு ஜன்னல் வேண்டும் என்று அந்தம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்.

கிடைத்த கான்ட்ராக்டர் நல்ல சட்டை போட்டவர். வந்தார், காரைச் சுற்றி டேப்பைப் பிடித்தார், சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டார். எடைக்காரர் வாய்ப்பேச்சை நம்புகிறவர் இல்லை. தாளை நீட்டி, "வருகிற திங்கட்கிழமை வேலை தொடங்கும்" என்று எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். கால் கிராமைக் கண்டுபிடித்த மனிதர், தேதி போட மறந்துவிட்டார். எந்தத் திங்கட்கிழமை என்று அந்தத் தாளில் இல்லை. சொன்ன ஆள் வராமல் எப்படி உள்ளே போவது என்று திங்கட்கிழமை தெருமுனையிலேயே நின்றுவிட்டது. கான்ட்ராக்டரின் போன் அணைந்தே கிடந்தது. எப்போதாவது எடுத்தால், "சார், வர்ற திங்கக்கிழமை கண்டிப்பா" என்பார். அந்தத் திங்களும் நின்றுவிடும். மழை எத்தனை பெய்தும் சுண்ணாம்புக் கோடு மட்டும் அழியவில்லை.

தெருவுக்கு இது தொந்தரவு. அந்தம்மாவுக்கு இது உயிர். மூன்று டயாலிசிஸ் இரண்டாகிவிட்டது. வேறு நாளில் படுக்கை கேட்டால் ஆஸ்பத்திரியில் கையை விரித்தார்கள். முதலில் கணுக்கால் வீங்கியது, பிறகு முகம். படியேறாமலே மூச்சு வாங்கியது. எடைக்காரர் தினமும் அந்தம்மாவை எடைமேடையில் நிறுத்தி, கூடியிருக்கும் தண்ணீரை மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பின்பக்கம் போய் சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவில் நின்று அழுவார். வேறு யாராவது நல்ல ஆள் கிடைப்பார்களா என்று அலைந்தார். ஊரில் ஒழுகாத ஷெட் எது, விரிசல் விடாத தரை எது என்று பார்த்துப் பார்த்துக் கதவைத் தட்டி, யார் கட்டியது என்று விசாரித்தார். ஐந்து வீட்டில் ஒரே பதில் வந்தது: மேஸ்திரியம்மா.

மேஸ்திரியம்மா பன்னிரண்டாம் வாரத்து வியாழக்கிழமை வந்தார். படத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"கார் கதவெல்லாம் திறங்க சார்."

எடைக்காரர் திறந்தார்.

"இப்ப அளங்க. மூடி வெச்சு அளந்திருக்கீங்க. இந்த அகலத்துல கட்டியிருந்தா கார் உள்ள போயிருக்கும், அக்கா வெளிய வந்திருக்க முடியாது."

இத்தனை வருஷம் ஊரையே அளந்தவருக்கு முகம் செத்துவிட்டது. உள்ளே படுத்திருந்த அந்தம்மா, பல நாளைக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்தார். மேஸ்திரியம்மா பழைய கோட்டைக் காலால் தேய்த்தார். மழைக்கு அசையாத கோடு அவர் செருப்புக்கு அழிந்தது. புதிதாக இரண்டடி தள்ளிக் கோடு போட்டுவிட்டு, "திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு வந்துடுவேன்" என்றார். இருபது வருஷத்தில் அவர் சொன்ன நாள் ஒன்றுகூடத் தவறியதில்லை. எடைக்காரர் கான்ட்ராக்டரின் தாளை நான்காகக் கிழித்துப் போட்டார். திங்கட்கிழமை வரப்போகிறது என்று தெருவே பேசிக்கொண்டது. தையற்காரர் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று யோசிக்கத் தொடங்கினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, டாக்டர் எடைக்காரரைத் தனியாக அழைத்தார். அவர் எதையும் சுற்றி வளைத்துச் சொல்லமாட்டார், சொன்னது பொய்த்ததும் இல்லை.

"நெஞ்சுல தண்ணி கோத்துடுச்சு சார். இதயம் தாங்காது. இங்க வெச்சுக்கிறதால பிரயோஜனம் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"எத்தனை நாள் டாக்டர்?"

"திங்கக்கிழமையைத் தாண்டாது."

எடைக்காரர் காரை ஓட்டிக்கொண்டு வரும்போது பக்கத்தில் அந்தம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தெரு திரும்பும் இடத்தில் சட்டென்று அவருக்கு உறைத்தது. திங்கட்கிழமையை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருப்பது அவரேதான். 

சனிக்கிழமை பொழுது விடிந்ததும் எடைக்காரர் மேஸ்திரியம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்றார். வரவேண்டாம் என்றார். மேஸ்திரியம்மாவுக்குக் கோபம் வந்தது. ஐந்து வீட்டில் விசாரித்துக் கூப்பிட்டுவிட்டு இப்போது வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். எடைக்காரர் டாக்டர் சொன்னதைச் சொன்னார்.

"நீங்க சொல்லிட்டு வராம இருக்க முடியாதாம்மா? ஒரே ஒரு தடவை?"

"முடியாது சார். சொன்னா காலு தானா வந்துடும். சொன்னதை வேணா திருப்பி வாங்கிக்கிறேன். ஆனா யாரும் தடுக்காட்டி திங்கக்கிழமை அது பாட்டுக்கு வந்துடுமே. அந்தப் பழைய ஆளையே புடிங்க. சீக்கிரம் போங்க."

வேலை செய்யாத மனிதர் ஒருவரை, வேலை செய்யாமல் இருக்கச் சொல்வதற்காக, எடைக்காரர் இரண்டு நாள் தேடினார். போன் அணைந்திருந்தது. வீடு பூட்டியிருந்தது. அவர் பாதியில் விட்ட சுவர்கள், கூரையில்லாத மாடிகள், மூடாத குழிகள் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். எல்லா இடத்திலும் அவரைத் தேடும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், அவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஊர்க்கோடியில் ஒரு செங்கல் குவியலின் பின்னால் குந்தியிருந்த கான்ட்ராக்டரைக் கண்டுபிடித்தார். சட்டை கசங்கியிருந்தது. எடைக்காரரைப் பார்த்ததும் அவர் கைகூப்பினார்.

"சார், எனக்கே வெக்கமா இருக்கு. இனிமே யாரையும் ஏமாத்தறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடப் போறேன். உங்க வேலை என்னால முடியாது சார். மன்னிச்சுடுங்க."

மனிதர் திருந்துவதற்கு இந்த நாள்தானா கிடைத்தது! எடைக்காரர் செங்கல் தூசியில் முழங்காலிட்டார். கான்ட்ராக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"முடியும்பா. உன்னால முடியும். திங்கக்கிழமை வர்றேன்னு சொல்லு."

"பொய் சார் அது."

"பரவாயில்ல, சொல்லு. என் பொண்டாட்டி உயிரு உன் வாயில இருக்கு."

கான்ட்ராக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவர் முன்னால் ஒரு கிழவர் அழுதுகொண்டிருந்தார். நீட்டிய தாளை வாங்கிப் பழைய வரியையே எழுதினார். தேதி போட அவர் பேனாவைக் கீழே கொண்டுபோனபோது, எடைக்காரர் தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

அந்தம்மா செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து காபி கேட்டார். வாசலில் இரண்டு செய்தித்தாள் கிடந்தன.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. புதன், வெள்ளி இரண்டு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார்கள். வீக்கம் கூடவுமில்லை, குறையவுமில்லை. வெள்ளிக்கிழமைதோறும் டாக்டர் எடைக்காரரைத் தனியாக அழைத்து, வருகிற திங்கட்கிழமையைத் தாண்டாது என்கிறார். அவர் சொல் இன்னும் பொய்க்கவில்லை. சண்டை போட வந்த குமாஸ்தா, வீட்டு ஜன்னல் வழியே அந்தம்மா கையசைப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய், திங்கட்கிழமை இல்லாத வேலை ஒன்றைத் தேடிக்கொண்டார். தையற்காரர் விடுமுறையைச் செவ்வாய்க்கு மாற்றிவிட்டார். பால்காரர் ஒரு பாக்கெட்தான் போடுகிறார். கார் பனியில்தான் நிற்கிறது. மேஸ்திரியம்மா போட்ட கோட்டில் புல் முளைத்துவிட்டது. அவர் அந்தப் பக்கம் வந்தால் எட்டிப் பார்த்து, அக்கா சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போவார், நாள் எதுவும் சொல்வதில்லை. மற்ற எல்லோருடைய வேலையையும் முடித்துக் கொடுத்து நல்ல பெயர் வாங்கிவிட்ட கான்ட்ராக்டர், ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தவறாமல் போன் செய்கிறார்.

போன வாரம் அந்தம்மா கட்டம் போட்ட தாளை எடுத்து மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஷெட்டு எப்ப ஆரம்பிக்கிறாங்க?"

"வர்ற திங்கக்கிழமை."

அந்தம்மா தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"அந்த ஆளு நல்லவருங்க. வேற யாரையும் பார்க்காதீங்க" என்றார்.