ஓரத்துச் சுவிட்ச்

"பதினஞ்சு ஆம்பியர் பிளக்கு எங்குட்டுக்கா இருக்கு?" என்று கேட்டான் முத்தரசு. வாடகைக்குக் கொண்டுவந்த ஐஸ் பெட்டியை இறக்கி நடுக்கூடத்தில் வைத்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

மரிய அனிதா சுவரைக் காட்டினாள். சுவிட்ச் போர்டின் ஓரத்தில் பெரிய சுவிட்ச், அதற்குக் கீழே பிளக். போர்டுக்கு மேல் அம்மா பச்சை மையில் எழுதி ஒட்டிய காகிதம் இருந்தது. 'கடைசியாப் போறவுக எல்லாத்தையும் அமத்திட்டுப் போங்க.' தெருவில் பதினெட்டு வீடுகளில் இந்தக் காகிதம் உண்டு. எழுதிய பவுலின் பெஞ்சில் கிடந்தாள், தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக் கட்டோடு. விடியற்காலை ஐந்து மணிக்கு உயிர் போயிருந்தது.

"இந்தப் பெட்டி எத்தன வாட்டு தம்பி?" என்றாள் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி. கேட்டபிறகுதான் அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "பழக்க தோசம்த்தா. ஒங்கம்மா கெடுத்து வச்ச பழக்கம்."

அனிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்தது.

பத்து வருடத்துக்கு முன்புவரை பவுலினும் எல்லோரையும் போலத்தான் இருந்தாள். ஞாயிறு சாயங்காலம் தெருக்காரர்கள் கூடும் அன்பியம், ஜெபமாலை, சுண்டல், அவரவர் வீடு. ஒரு சித்திரை வெயிலில் டிரான்ஸ்பார்மர் புகைந்துபோய்த் தெருவே மூன்று நாள் வெந்து கிடந்தது. 'நாம இழுக்குற இழுவைக்கு அது பாவம் என்ன செய்யும்' என்று அப்போது ஆரம்பித்தவள்தான். அதற்கப்புறம் ஜெபம் முடிந்ததும் வாரம் இரண்டு வீடு. ஃபிரிட்ஜ் கதவில் காகிதத்தை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்ப்பாள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் போச்சு. குண்டு பல்பைக் கழற்றவைப்பாள். ரிமோட்டில் மட்டும் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. மாதா கோயில் பக்கமே வராத புஷ்பவள்ளிகூட இந்த வேலைக்கென்றே வந்து சேர்ந்தாள்.

திருந்தாத ஒரே ஆள் பவுலினின் புருஷன். சின்னராஜ் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். அவர் எங்கெங்கே போய் வந்தார் என்பதை எரிகிற விளக்கை வைத்தே சொல்லிவிடலாம். 'ஊருக்கெல்லாம் சொல்றேன், எங்க வீட்டுலதான் மொதக் குத்தவாளி' என்று கூட்டத்தில் வைத்தே மானத்தை வாங்குவாள். அவர் சிரித்துக்கொண்டு சுண்டலைத் தின்பார். படுக்கையில் விழுந்த நாலு மாதமும் உள்ளறையிலிருந்து, "என்னங்க, அமத்துனீகளா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அமத்திட்டேன், அமத்திட்டேன்" என்று கூசாமல் பொய் சொல்வார். எழுந்துபோய் அணைப்பது, அம்மாவைப் பார்த்துக்கொள்ள சிவகங்கையிலிருந்து வந்து தங்கியிருந்த அனிதா.

முத்தரசு சுவிட்சைப் போட்டான். ஐஸ் பெட்டி உறுமத் தொடங்கியது. அம்மாவை உள்ளே வைத்துக் கண்ணாடி மூடியைச் சாத்தினார்கள்.

தோகாவிலிருந்து தம்பி சகாய ஆண்டனி மறுபடி கூப்பிட்டான். மூன்று வருடமாக ஊருக்கு வராதவன். போன மாதம் லீவு கேட்டுக் கிடைக்கவில்லை.

"ராத்திரி ஃபிளைட்டுக்கா. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வந்துருவேன். அதுவரைக்கும் அம்மாவ வச்சிருங்க. மொகத்த மட்டும் பாத்துக்கிறேன்."

"வச்சிருக்கேன்டா. நீ அழாம வா."

"சத்தியமா?"

"சத்தியமா."

மத்தியானம் புஷ்பவள்ளி வீட்டில் சோறு ஆக்கியிருந்தார்கள். வெயிலுக்குப் பயந்து பந்தலில் இருந்தவர்களும் அங்கேயே போய்விட்டார்கள். சின்னராஜ் மட்டும் வரமாட்டேன் என்று ஐஸ் பெட்டியருகே நாற்காலியில் இருந்தார். அனிதா ஒரு தம்ளர் மோரை அவர் கையில் திணித்தாள்.

"குடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் உள்ள போயிப் படுங்கப்பா. விடியக் காலையில இருந்து ஒக்காந்திருக்கீக."

"அவ தனியா இருப்பாளேத்தா."

"பத்து நிமிசத்துல நாங்க வந்துருவோம்."

பத்து நிமிடம் ஒரு மணி நேரமானது. சாவு வீட்டில் பசி அதிகம், பேச்சு அதைவிட அதிகம். பெண்கள் திரும்பி வந்தபோது கூடம் காலியாக இருந்தது. அப்பா உள்ளறையில் படுத்திருந்தார். புஷ்பவள்ளி ஃபேனை மட்டும் போட்டாள். வேண்டியதை மட்டும் போடு என்பது பவுலின் போட்ட இன்னொரு சட்டம். வாசல் பந்தலில் வாடகை ஃபேன் லாரிபோல இரைந்துகொண்டிருந்தது. ஜெபமாலை தொடங்கியது.

நாலரை மணி இருக்கும். ஐஸ் பெட்டிமேல் குவிந்திருந்த மாலைகளை ஒதுக்கிவிட்டு, கண்ணாடியில் படிந்திருந்த நீரை அனிதா முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. மறுபடி அழுத்தித் துடைத்தாள். நீர் உள்பக்கம் இருந்தது.

பெட்டியில் கையை வைத்தாள். அது உறுமவில்லை. போர்டைப் பார்த்தாள். ஓரத்துச் சுவிட்ச் மேலே தூக்கியிருந்தது.

முத்தரசு பைக்கில் பறந்து வந்தான். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினான். அவளைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னான்.

"அக்கா, தப்பா நெனக்காதீக. நீர் கோத்த ஒடம்பு. இந்த வெக்கையில மூணு மணி நேரத்துக்கு மேல மூடியே கெடந்திருக்கு. மொகம் மாறிருச்சு. இனிமே பெட்டியப் போட்டாலும் நாளைக்குப் பத்து மணி வரைக்கும் தாங்காது. இன்னைக்கே எடுத்துருங்க."

கூடத்தில் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "நான் ஃபேனத்தான் போட்டேன், அத நான் தொடல" என்று புஷ்பவள்ளி நடுங்கினாள். "சாப்புடப் போறப்ப நான் அமத்தியிருப்பேனோ?" என்றாள் எதிர் வீட்டு வின்சி. கை தானாகவே போகும் பழக்கம். அந்தக் கூடத்தில் யாருக்காகவும் யாரும் சத்தியம் செய்ய முடியாது. அனிதா தன் கையையே சந்தேகப்பட்டாள்.

அப்போது உள்ளறை வாசலில் அப்பா நின்றிருந்தார். தூங்கி எழுந்த முகம். போர்டையும் பச்சை எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏத்தா," என்றார் மெதுவாக, "அந்த ஓரத்துச் சுவிச்சா பெட்டிக்கு?"

அனிதாவுக்குப் புரிந்துவிட்டது. பத்து வருடம் அம்மா கத்தியும் ஏறாதது, ஏறியிருக்கிறது பார், இன்றைக்கு.

போன் அடித்தது. ஆண்டனி. அடக்கத்துக்குச் சொல்லக் கோயில் சாமியாரிடம் ஆள் போன விஷயத்தை யாரோ அதற்குள் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"இன்னைக்கே எடுக்குறீகளாமே? என்னக்கா இது?"

சொன்னாள். சுவிட்ச் அணைந்து பெட்டி நின்றுபோனதைச் சொன்னாள்.

"வீடியோவுல வா. மொகத்தக் காட்டு."

"வேணாம்டா."

"காட்டுக்கா!"

"நீ கடைசியாப் பாத்த மொகமே ஒனக்கு இருக்கட்டும்டா."

அடுத்து அவன் கத்தியது கூடத்துக்கே கேட்டது.

"யாரு அமத்துனது?"

சின்னராஜ் ஓர் அடி முன்னால் வந்தார். வாய் திறந்தது. அனிதா அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான்தான்."

"நீயா?"

"சாப்புடப் போறப்ப... பழக்கத்துல அமத்திட்டேன்."

"தெருக்காரவுகளோட சேந்து நீயும் கரண்டு மிச்சம் பண்ணியாக்கும். சத்தியம் பண்ணுனியேக்கா." அவன் குரல் உடைந்தது. "இனிமே எனக்கு அக்காவே இல்ல. நான் சாகுற வரைக்கும் எங்கிட்டப் பேசாத."

போன் நின்றது. அவன் சொன்னால் சொன்னதுதான்; பேசமாட்டான். அது அவளுக்குத் தெரியும்.

"ஏத்தா, நான்தானே..." என்றார் அப்பா.

"பேசாம இருங்கப்பா."

"எல்லாரும் போயிட்டீக. நானும் எந்திரிச்சேன். அமத்துனீகளான்னு கேப்பாளேன்னு..."

"அப்பா. பேசாதீக."

ஐந்தே முக்காலுக்குச் சாமியார் வந்தார். சவப்பெட்டியின் மூடியை ஆணியடித்துவிட்டுத்தான் வெளியே எடுத்தார்கள். பெண்கள் ஓலமிட்டபடி பின்னால் போனார்கள். கோயில் மணி துக்கத்துக்கு ஒவ்வொன்றாக அடித்தது.

வீட்டைவிட்டுக் கடைசியாக வெளியே வந்தவர் சின்னராஜ். உள்ளே டியூப் லைட் எரிந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. காலியான ஐஸ் பெட்டிகூட உறுமிக்கொண்டு கிடந்தது. முத்தரசு பதற்றத்தில் போட்டது, யாரும் நிறுத்தவில்லை.

"உள்ள எல்லாம் ஓடுதே, நான் போயி..." என்று திரும்பினாள் வின்சி. புஷ்பவள்ளி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "பேசாம வாடி."

அனிதா அப்பாவின் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள். தெருமுனை திரும்பும்வரை அவர் வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டே நடந்தார்.