ஒரே ஒரு இழுப்பு

...மறுபடியும் அதே மூச்சு, திரையில் கதாநாயகன் பாறை இடுக்கில் சாய்ந்து உட்கார்ந்து தீக்குச்சியைக் கிழிக்கிறான், சிகரெட்டின் நுனி சிவக்கிறது, கன்னம் குழிகிறது, என் வீட்டுக்காரரின் மூச்சு அவன் நெஞ்சுக்குள் போகிறது, போய்க் கொஞ்ச நேரம் தங்கிச் சாவகாசமாக வெளியே வருகிறது, "இன்னொரு தடவை போடுங்க" என்கிறார் இயக்குநர், சத்தங்களை ஒன்றாகக் கலக்கிற மிக்சிங் அண்ணன் பின்னால் ஓட்டுகிறார், மறுபடி தீக்குச்சி, மறுபடி அவர் மூச்சு... நெஞ்சில் அடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, "இனி ஒண்ணு பிடிச்சாலும் என்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷமாகிறது, அந்த இரண்டு வருஷமும் தொடாத மனுஷனை, நான், கட்டின பெண்டாட்டி, கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, மைக்கை வாய்க்கு நேரே நிறுத்தி, ஒரே ஒரு இழுப்பு என்று கெஞ்சிப் பிடிக்க வைத்தேன். எதற்காக? யாரோ எடுக்கிற படத்துக்காக. எதிரி வீட்டில்கூட இப்படி ஒருத்தி இருக்க மாட்டாள். இந்த ஏ.சி. அறையில் எனக்கு முதுகு வேர்க்கிறது.

எல்லாம் இந்த இயக்குநரின் 'அந்தக் காலம்' பிடிவாதத்தால் வந்தது. கதை நடப்பது எங்கள் தாத்தாக்கள் இளவட்டமாக இருந்த காலத்தில், ஒற்றை எஞ்சின் விமானம், தோல் பை, கிழிந்த வரைபடம், அதனால் சட்டைப் பித்தான் முதல் செருப்பு ஆணி வரை அந்தக் காலம் வேண்டும், சிகரெட்டும் வேண்டும். "அந்தக் காலத்துல சாகசக்காரன்னா சிகரெட் இல்லாம கிடையாதுக்கா, பாலைவனத்துல தண்ணி தீர்ந்தாலும் இது தீராது" என்றார், தண்ணீரே தீர்ந்துபோன இடத்தில் இது மட்டும் எந்தக் கடையில் வாங்கினான் என்று நான் கேட்கவில்லை, சம்பளம் வாங்குகிற வாய் ஆயிற்றே. ஆனால் கதாநாயகனாக நடித்தவனோ பச்சைத் தண்ணீரைக்கூட அளந்து குடிக்கிறவன், படப்பிடிப்பில் ஏதோ மூலிகை அடைத்த போலிச் சிகரெட்டைக் கொடுத்தார்களாம், கன்னத்தை அழகாகக் குழித்துக்கொள்கிறான், புகை மட்டும் தொண்டைப் பக்கமே போகவில்லை, பலூன் ஊதுகிற மாதிரி ஊதிவிடுகிறான். படத்தை மட்டும் பார்த்தால் நம்பலாம், சத்தத்தோடு பார்த்தால் சிரிப்பு வருகிறது. அங்கேதான் என் தலை உருண்டது, ஏனென்றால் படத்துக்குச் சத்தம் செய்வதுதான் என் பிழைப்பு, இவன் குதிரை ஏறினால் நான் பழைய தோல் பையைக் கசக்குவேன், இவன் மணலில் ஓடினால் தட்டில் மணலைக் கொட்டி அதில் மிதிப்பேன்.

சிகரெட் நுனி எரிகிற சத்தம் சுலபம், காய்ந்த வெங்காயத் தோலை மைக்குக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் தேய்த்தால் போதும், எரிகிற மாதிரியே நொறுங்கும். மூச்சுதான் வரவில்லை. ஸ்ட்ரா வைத்து இழுத்தேன், மை தீர்ந்த பேனாக் குழாயில் இழுத்தேன், தலை சுற்றுகிற வரைக்கும் இழுத்தேன், "சூடா டீ குடிக்கிற மாதிரி இருக்குக்கா, நிஜமா பிடிக்கிறவங்க யாராவது..." என்றார் இயக்குநர். யாராவது! ஸ்டுடியோ வாசலில் எங்கள் வண்டி டிரைவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கிறார்... நான் வீட்டுக்கு மைக்கைத் தூக்கிக்கொண்டு போனேன். ஜன்னலைச் சாத்தி, எதிரொலிக்காமல் இருக்க அலமாரிமேல் கம்பளியைப் போர்த்தி, மின்விசிறியை நிறுத்தி, முனைக்கடையில் ஒற்றைச் சிகரெட் வாங்கி வந்து நீட்டினேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் அவர், எதையும் பதறாமல் பார்க்கிற ஆள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "என்னடி, நிஜமாவா?" என்றார். "ஒண்ணே ஒண்ணுங்க, உள்ளகூட இழுக்க வேண்டாம், சும்மா..." என்று உளறினேன், உள்ளே இழுக்காமல் சத்தம் ஏது, எனக்கே தெரியாதா. சிகரெட்டைக் கட்டைவிரல் நகத்தில் இரண்டு தட்டுத் தட்டிப் பற்றவைத்தார், குச்சியை உதறி அணைத்தார், இழுத்தார், விட்டார், விட்டபிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "போதுமா?" என்றார். போதும் என்றேன், மிச்சத்தைப் பிடுங்கிக் குழாயடியில் நனைத்தேன், அவர் சாவகாசமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் சட்டையைத் துவைக்கப் போடும்முன் மோந்து பார்க்கிறேன், கிராம்பு வாசனைதான் வருகிறது, எப்போதும் வாயில் ஒரு கிராம்பு அடக்கியிருப்பார், அதுவே எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. குப்பைக்கூடை பாதி நிறைவதற்குள் "நான் போட்டுட்டு வந்துடறேன்" என்று கீழே இறங்கிப் போகிறார், வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்... குப்பையைத் தொட்டால் கழுவத்தானே வேண்டும்? படியில் ஏறும்போது அவர் மூச்சு வாங்குவது மூன்று மாடி தள்ளி எனக்குக் கேட்கிறது, செருப்புச் சத்தத்தை வைத்தே எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்லிவிடுவேன், பாழாய்ப் போன காது. நான்தான் ருசி காட்டிவிட்டேன், அடங்கிக் கிடந்ததை நான்தான் தட்டி எழுப்பினேன், நாளைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று டாக்டரிடம் என்ன சொல்வேன், கதாநாயகனுக்கு மூச்சு வேண்டியிருந்தது டாக்டர் என்றா? அவர் இறங்கிப் போகும்போதெல்லாம் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம்தான், போகவில்லை, கூடையில் எவ்வளவு குப்பை இருந்தது என்றுகூடக் கேட்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்று மிக்சிங் அண்ணன் நாற்காலியைத் திருப்புகிறார், அவர் எனக்கு அண்ணன், நான் அவருக்கு அக்கா, இந்தத் தொழிலில் வயசுக்கணக்கு அவ்வளவுதான். "உங்க வீட்டு சார் இதை விட்டு ரெண்டு வருஷம்னு சொன்னீங்கல்ல, இருமலை எந்த இடத்துல வெட்டினீங்க? ஒட்டே தெரியலையே." எந்த இருமல்? "இல்லக்கா, நான் ஆறு மாசம்தான் விட்டிருந்தேன், மச்சான் வீட்டு விசேஷத்துல ஒண்ணு வாங்கி இழுத்தேன் பாருங்க, இருமி இருமிக் கண்ணு பிதுங்கிடுச்சு, ஊரே சிரிச்சுது. அதான் கேக்கிறேன், பிரமாதமா வெட்டியிருக்கீங்க." இயக்குநர் சிரிக்கிறார், நானும் சிரித்தேன், "ஆமா, வெட்டிட்டேன்" என்றேன். எதை வெட்டினேன்? நான் வெட்டியது அந்தப் 'போதுமா'வை மட்டும்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, என் கணினியில் இருக்கிற முழுப் பதிவையும் ஓட்டுகிறேன், கட்டில் கிறீச்சிடுகிறது, நகத்தில் தட்டு, குச்சி, இழுப்பு, உள்ளே தங்குகிறது, தங்குகிறது, வெளியே வருகிறது, கடிகாரம் ஓடுகிறது, போதுமா. தொண்டை செருமவில்லை. ஒரு சின்னக் கமறல் இல்லை. நேற்றுப் பிடித்தவர் இன்றைக்குப் பிடிக்கிற மாதிரி, காலையில் பிடித்தவர் மத்தியானம் பிடிக்கிற மாதிரி...

குப்பைக்கூடை பாதியிலேயே இறங்கிப்போக ஆரம்பித்தது எப்போது? ஒரு வாரமாகத்தான் என்று யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்? மழைக்காலத்தில் குடையோடு போனாரே, இப்போது வெயில் கொளுத்துகிறது. அப்படியானால் நான் கெடுக்கவில்லை, ஏற்கெனவே கெட்டுக் கிடந்தது, ஒரு வாரமாகச் சுமந்த பாவத்தை மிக்சிங் அண்ணன் ஒரே கேள்வியில் இறக்கி வைத்துவிட்டார், எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும், ஏன் அழுகை வருகிறது? என்னால்தான் என்று நான் அழுதுகொண்டிருந்த வரைக்கும் அவர் நல்லவராக, சொன்ன சொல் காப்பாற்றினவராக இருந்தார், அது எனக்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது. வாசலில் டிரைவர் நின்றாரே, ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் பத்து தடவை இழுத்துக் காட்டியிருப்பாரே, அவரைத் தாண்டிக்கொண்டு எதற்காக மைக்கை வீட்டுக்குத் தூக்கிப் போனேன்? முகத்துக்கு நேரே விசாரிக்கப் பயந்துகொண்டா? தெரிந்துகொள்ளவா, இல்லை, தெரிந்தபிறகும் பழியை என் தலையில் போட்டுக்கொள்ளவா? அவருக்கும் தெரிந்துதான், போதுமா என்று அப்படிப் பார்த்தாரா?

"அக்கா," இயக்குநர் என் தோளைத் தொடுகிறார், நான் ஹெட்போனைக் கழற்றுகிறேன், "கடைசி சீன்ல அவன் மலை உச்சியில ஒண்ணு பத்தவைக்கிறான், அதுக்கும் இதே மாதிரி வேணும், சார் இன்னொரு தடவை ஒத்துக்குவாரா? வீட்டுல சண்டை கிண்டை வந்துடாதே?" திரையில் கதாநாயகன் புகையை விட்டபடி அப்படியே நிற்கிறான், மிக்சிங் அண்ணன் என் முகத்தைப் பார்க்கிறார். "ஒத்துக்குவார்" என்றேன், யோசிக்கவே இல்லை நான்.