திறக்காதவர்கள் பட்டியல்

2005 பிப்ரவரி 26, சனிக்கிழமை. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடை முந்தின நாள் அனுப்பிய மெயிலை 1,640 பேரில் 371 பேர் திறந்திருந்தார்கள். அதற்கு முந்தைய வாரம் திறந்தவர்கள் 702 பேர்.

கடையின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் மணிவண்ணன் அந்த எண்களைப் பிறகுதான் கவனித்தார். யார் யார் மெயிலைத் திறந்தார்கள் என்ற பட்டியலில் முதலில் அவர் தேடியது ஒரு பெயரை. சுகாசினி வீ., நியூ ஜெர்ஸி. வழக்கமாக அந்தப் பெயருக்கு நேரே 'திறந்தார், காலை 6:40' என்று இருக்கும். சில வாரம் 6:38, சில வாரம் 6:45. அங்கே அது வெள்ளி இரவு எட்டு பத்து, சாப்பிட்டு முடித்த நேரம் என்று அவர் கணக்கு வைத்திருந்தார். அன்றைக்கு 'திறக்கவில்லை' என்று இருந்தது.

சுகாசினி அவருடைய தங்கை. மூன்று வருடங்களுக்கு முன் மே மாதத்தில் அப்பா வீராசாமி இறந்தபோது அவளுடைய விமானம் மறுநாள் காலையில்தான் சென்னைக்கு வந்தது. வெயில் தாங்காது என்று ஊரார் அவசரப்படுத்தினார்கள். மணிவண்ணன் அன்று மாலையே கொள்ளி வைத்துவிட்டார். மறுநாள் டாக்ஸியிலிருந்து இறங்கியவள் வாசலிலேயே நின்றாள்.

"ஒரு ராத்திரி காத்துக்கினு இருக்க முடியலையாண்ணா உன்னால?"

வீட்டுக்குள் வராமல் அதே டாக்ஸியில் திரும்பிப் போனாள். அதன்பின் இருவரும் பேசவில்லை.

அடுத்த வருடம் கடைக்கு மெயில் பட்டியல் தயாரித்தபோது அமெரிக்க வாடிக்கையாளர்களோடு தங்கையின் முகவரியையும் அவர் சேர்த்தார். மெயிலின் அடியில் 'இனி அனுப்ப வேண்டாம்' என்று ஒரு வரி இருந்தது. அவள் அதை அழுத்தவில்லை.

தமிழ் எழுத்து வெளிநாட்டுக் கம்ப்யூட்டர்களில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று புகார் வந்ததால், கடையின் மெயில் முழுவதையும் ஒரே படமாகச் செய்து அனுப்புவது வழக்கமாகியிருந்தது. புடவை, அதன் பெயர், கடை முகவரி எல்லாமே படத்துக்குள் இருக்கும். கடை டியூப்லைட்டில் சரிகை மங்கலாக விழுந்ததால், ஒரு முறை செவிலிமேட்டில் அப்பா கட்டிய வீட்டின் பச்சைக் கதவில் புடவையை மாட்டி, காலை வெயிலில் போட்டோ எடுத்தார். அந்த வாரம் சுகாசினி மெயிலை மூன்று முறை திறந்தாள்.

அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் புடவைக்குப் பின்னால் எது வரவேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்தார். கிணற்றடி. சமையலறை ஜன்னல். ஈரச் சிமெண்டில் அவள் சின்ன வயதில் குச்சியால் பெயர் எழுதிய படி. கலர் நன்றாக வருகிறது என்று முதலாளி கலியாணசுந்தரம் சொன்னார். அந்த வீட்டில் மணிவண்ணன் தனியாக இருந்தார். கிணற்றடியில் அவர் புடவையை மாட்டிப் படம் எடுப்பதைப் பார்க்க வேறு யாரும் இல்லை.

மார்ச்சில் அடுத்தடுத்து இரண்டு வாரம் 'திறக்கவில்லை' வந்தது. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அமெரிக்கா கோடு வரை அழுத்திவிட்டு ரிசீவரை வைத்தார். பிறகு மெயில் அனுப்பும் சென்னைக் கம்பெனிக்குப் போன் செய்தார். ஜாஹ்னவி என்ற பெண் எடுத்தாள்.

"எல்லாருக்கும் குறைஞ்சிருக்கு சார். மெயில்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி வெச்சிருப்போம், குட்டிப் படம். அது எங்க சர்வர்லேர்ந்து இறங்கினா திறந்தார்னு விழும். இப்போ நிறைய மெயில் கம்பெனிங்க படத்தையெல்லாம் மறைச்சு வெக்கறாங்க. 'படத்தைக் காட்டு'ன்னு அழுத்தினாத்தான் இறங்கும்."

"ஏம்மா அப்படி?"

"யாரோ வேவு பாக்கறாங்கன்னு."

"யாரு?"

"நாமதான் சார்" என்று சிரித்தாள்.

மணிவண்ணன் சிரிக்கவில்லை. "அப்ப எங்க மெயிலு அவங்களுக்கு எப்படித் தெரியுது?"

"உங்களுது முழுக்கப் படமாச்சே. வெள்ளையா ஒரு கட்டம், மூலையில சிவப்பா ஒரு பெருக்கல் குறி. அவ்ளோதான்."

"திறந்து பாத்திருந்தாலும் திறக்கலன்னுதான் வருமா?"

"ஆமா சார். திறக்கலன்னாலும் அதேதான் வரும்."

ஏப்ரல் 4 அன்று கலியாணசுந்தரம் பட்டியலைப் பார்த்தார். ஆறு வாரமாகத் திறக்காதவர்கள் 902 பேர்.

"என்னாபா இது, பாதிப் பேருக்கு மேல தூங்கிக்கினு இருக்காங்க. எல்லாத்தையும் தூக்கிடு."

"படம் மறைஞ்சிருக்குது முதலாளி. பாத்தவங்களும் அதுல இருப்பாங்க. ஒருவாட்டி எழுத்துல கேட்டுட்டுத் தூக்கலாம்."

"கேளு. ஒரே வாட்டிதான்."

படம் இல்லாத மெயிலை அவர் தட்டச்சு செய்தார். தமிழ்தான், ஆங்கில எழுத்தில். எங்கள் மெயில் தொடர்ந்து வர விரும்பினால் கீழே உள்ள வரியை அழுத்தவும். இல்லாவிட்டால் இதுவே கடைசி. தங்கைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத நினைத்து, 'சுகா' என்ற சொல்லுக்கு மேல் போகாமல் அழித்தார். கடை மெயிலின் கடைசியில் மட்டும் ஒரு வரி சேர்த்தார்: பச்சைக் கதவு அப்படியே இருக்கிறது.

அச்செடுத்த தாளை முதலாளி இரண்டு முறை படித்தார்.

"நமக்கு ஷட்டரு தானேபா? எந்தக் கதவு?"

"போட்டோவுல வர்றது முதலாளி. வாரா வாரம் பாக்கறவங்களுக்குத் தெரியும்."

"பொடவ வாங்கறவங்களுக்குக் கதவு எதுக்கு? நீ வேற யாவாரம் எதுனா பண்றியா?" தாளைத் திருப்பித் தந்தார். "சரி, இருந்துட்டுப் போவுது."

ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை அந்த 902 பேருக்கும் மெயில் போனது. சனிக்கிழமை மணிவண்ணன் தானே ஷட்டரைத் தூக்கி உள்ளே போனார். 6:40-க்கு நேரே யாரும் இல்லை. பட்டியலை மேலிருந்து மறுபடி படித்தார். சுகாசினி வீ., ஆம், காலை 5:41. அந்த மாதம் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியிருந்தார்கள்; அவளுக்கு அது அதே இரவு நேரம்தான்.

தன் சொந்த மெயில் பெட்டியைத் திறந்தார். புதிதாக எதுவும் இல்லை. மதியமும் மாலையும் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தார்.

902 பேரில் 214 பேர் ஆம் என்று அழுத்தியிருந்தார்கள். மீதி 688 முகவரிகளைத் திங்கட்கிழமை நீக்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை கிணற்றடியில் எடுத்த மாம்பழ நிறப் புடவை 952 பேருக்குப் போனது. படம் மறைந்தாலும் தெரியும்படி அதற்கு வெளியே, கீழே, ஆங்கில எழுத்தில், கிணற்றடி என்று எழுதியிருந்தார்.

சனிக்கிழமை காலை சுகாசினியின் பெயருக்கு நேரே 'திறக்கவில்லை' என்று வந்தது.