என் பெயரில் ஓடும் கணக்கு

எனக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று அலுவலகத்தில் எல்லோரும் கைகொடுத்தார்கள். கைகொடுத்தவர்களில் ஒருவருக்கும் என்னைப் போகவிட மனசில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எங்களுடையது ஓர் ஆராய்ச்சி நிலையம். மேல்மாடியில் ஆராய்ச்சியாளர்கள் நாற்பத்து மூன்று பேர். கீழ்த்தளத்தில், ஸ்வெட்டர் இல்லாமல் உள்ளே போக முடியாத ஒரு கூடத்தில், நானூறு கணிப்பொறிகள். மேலே இருப்பவர்கள் கொடுக்கும் பூதாகாரமான கணக்குகளைக் கீழே இருப்பவை போட வேண்டும். நடுவில் நான். ‘க்யூ மேடம்’ என்று எனக்குப் பட்டப்பெயர். கணவருக்கு வேலை வேறு ஊரில். நாலு வயது மகள் அவரோடு இருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை நான் அந்த வீட்டுக்கு விருந்தாளி. போன தடவை போயிருந்தபோது, “இந்த அம்மா எப்பப்பா போவாங்க?” என்று அவரைக் கேட்டாள். வெகுளியாகத்தான் கேட்டாள்.

அந்த ஊரிலிருக்கும் கிளை நிலையத்தில் மூன்று வருடத்துக்குப் பிறகு ஓர் இடம் காலியாகி, அது எனக்குக் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும். அடுத்த காலியிடம் வருவதற்குள் என் மகள் என்னைவிட உயரமாகிவிடுவாள்.

நான் எப்படி மாட்டினேன் என்பதைச் சொல்ல வேண்டும். எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு வெள்ளிக்கிழமை ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் வரவில்லை, போனையும் எடுப்பதில்லை. அவர் என் தலையில் கட்டிவிட்டுப் போனது ஒரு மென்பொருள். ஆராய்ச்சியாளர் திரையில் ஒரு படிவத்தை நிரப்பிப் பொத்தானை அமுக்கினால், அது அவருடைய கணக்கை வரிசையில் நிறுத்தி, முறை வந்ததும் கீழே அனுப்பி, விடையை வாங்கிவந்து கொடுக்கும். திறந்த மூல மென்பொருள், அதாவது உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதன் நிரலைத் திறந்து படிக்கலாம், மாற்றலாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதாலேயே எங்கள் நிலையத்தில் ஒருவரும் படித்ததில்லை.

நான் படித்தேன். எண்ணூறு கோப்புகள். முதல் மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருந்தது. எதைத் திறந்தாலும் அது இன்னொன்றைக் கைகாட்டும், அது மூன்றாவதைக் கைகாட்டும். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் பெட்டி பெட்டியாக வரைந்துகொண்டே போனேன். மெல்ல ஆட்கள் தெரிந்தார்கள். மொத்தம் நாலே பேர். படிவத்தை வாங்கிச் சரிபார்த்து ஓர் அட்டவணையில் எழுதிவைப்பவன் ஒருவன். அந்த அட்டவணையை அரை நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்த்து, புதிதாக ஏதும் இருந்தால் கீழ்க்கூடத்துக்கு அனுப்புபவன் இரண்டாமவன். ஓடிக்கொண்டிருக்கும் கணக்குகளைப் பார்த்து ‘உயிரோடு இருக்கியா?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பவன் மூன்றாமவன். முடிந்ததும் விடையைச் சுமந்து வருபவன் நாலாமவன். இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதே கிடையாது. சொல்ல வேண்டியதை அட்டவணையில் எழுதிவிட்டுப் போவார்கள், மற்றவன் வந்து பார்த்துக்கொள்வான். என் பெரியப்பா வீட்டில் அண்ணன் தம்பிகள் சுவரைப் பார்த்துப் பேசிக்கொள்வார்களே, அதே ஏற்பாடு. இது புரிந்த அன்று நாற்காலியிலிருந்து எழுந்து தனியாகச் சிரித்தேன்.

அந்தக் குஷியில்தான் தப்பு செய்தேன். இரண்டாமவன் கீழ்க்கூடத்துக்குள் நுழைய ஒரு லாகின் வேண்டும். அதுவரை அவன் நுழைந்தது, காணாமல்போன மனிதரின் லாகினில். அதை மூடப்போகிறார்கள். பொதுவாக ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றால் எங்கள் நிலையத்து விதி இடம் தராது. ஒவ்வொரு லாகினுக்கும் சம்பளம் வாங்கும் ஒரு மனிதர் பொறுப்பாக இருக்க வேண்டும்.

“யார் பேரைப் போடறது?” என்று இயக்குநர் கேட்டார்.

“என் பேரையே போட்டுடுங்க சார்” என்றேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பெருமைதான் காரணம். அன்றிலிருந்து மழைக் கணக்கு, மருந்துக் கணக்கு, நிலநடுக்கக் கணக்கு எல்லாமே கீழே என் பெயரில் ஓடின.

மாற்றல் உத்தரவோடு போய் நின்றபோது இயக்குநர் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போலச் சொன்னார். “உங்களை யாரும்மா பிடிச்சு வெச்சிருக்கா? நீங்க போனா உங்க லாகினை மூடணும். மூடினா உங்க பேர்ல ஓடறது எல்லாம் அந்த நிமிஷமே செத்துப்போயிடும். உங்க பேர்ல ஒண்ணும் ஓடலைன்னு காட்டுங்க, அன்னிக்கே விடுவிப்பு ஆணையில கையெழுத்துப் போடறேன்.”

சரி, காட்டுகிறேன் என்று இறங்கினேன். நிரலைத் திறந்து இரண்டாமவனின் புத்தியையே மாற்றினேன். இனி யார் கணக்குக் கொடுக்கிறார்களோ அவர்கள் பெயரிலேயே கீழே போக வேண்டும். ராப்பகலாக மூன்று வாரம் பிடித்தது. நாற்பத்து மூன்று பேரையும் தாஜா செய்து ஆளுக்கொரு லாகின் வாங்கவைத்தேன். பழைய கணக்குகள் ஒவ்வொன்றாக முடிந்தன. மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது என் பெயரில் மிஞ்சியது ஒன்றே ஒன்று.

அது கடலக்காவுடையது. கடல் நீரோட்டங்களைக் கணக்குப் போடுகிறவர் என்பதால் அந்தப் பெயர். சாதுவான மனுஷி, லிஃப்டில்கூட மற்றவர்கள் ஏறும்வரை ஒதுங்கி நிற்பார். அவருடைய கணக்கு நாற்பத்தோரு நாளாக ஓடுகிறது, இன்னும் ஐம்பது நாள் ஓட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கணக்கைப் பெயர் மாற்ற வழியே இல்லை, எண்ணூறு கோப்பிலும் தேடிவிட்டேன்.

அன்று மாலை கணவர் போனில், “அந்த ஒரு வேலையைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன்” என்றார்.

“நாப்பத்தோரு நாள் உழைப்புங்க. நான் போய் எப்படி நிறுத்தச் சொல்வேன்?”

“சரி விடு. குட்டிகிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன்.” எனக்கு நானே பூட்டுப் போட்டுக்கொண்டு சாவியை விழுங்கிவிட்டேனே என்று ஆத்திரமாக வந்தது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் கடித்திருப்பேன்.

மறுநாள் காலை, கணக்கு கொஞ்சம் சீக்கிரம் முடிய வாய்ப்பிருக்கிறதா என்று பார்க்க, அதன் விடைக் கோப்பைத் திறந்தேன். அதுவரை நான் யாருடைய விடையிலும் மூக்கை நுழைத்ததில்லை. முதல் ஐந்து நாளுக்கு எண்கள் ஒழுங்காக வந்திருந்தன. ஆறாவது நாளிலிருந்து ஒவ்வொரு வரியிலும், ஒவ்வொரு கட்டத்திலும், ‘இது எண்ணே அல்ல’ என்று சொல்வதற்குக் கணிப்பொறி போடும் அந்த மூன்று எழுத்துகள். முப்பத்தாறு நாளாக அந்தக் கணக்கு வெறும் குப்பையை அரைத்துக்கொண்டிருந்தது. திரையில் மட்டும் பச்சையாக ‘ஓடுகிறது’. நம் மூன்றாமவன் ‘உயிரோடு இருக்கியா?’ என்று கேட்பானே தவிர, ‘நல்லா இருக்கியா?’ என்று கேட்கமாட்டான். அவனை அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இரண்டிரண்டு படியாக மேல்மாடிக்கு ஓடினேன்.

“அக்கா, உங்க கணக்கு ஆறாம் நாளே கெட்டுப்போச்சு. நிறுத்திட்டுத் திரும்பப் போட்டுடலாம். உங்களுக்கு ஐம்பது நாள் மிச்சம்!”

கடலக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“எனக்குத் தெரியும்மா.”

“எப்ப தெரியும்?”

“ஏழாம் நாளே பார்த்துட்டேன். ஒரு இடத்துல கடலோட ஆழத்தைப் பூஜ்யம்னு போட்டுத் தொலைச்சிருக்கேன். அங்கேருந்து எல்லாம் நாறிப்போச்சு.”

“அப்புறம் ஏன்க்கா ஓடவிட்டீங்க?”

“ஓடிட்டிருக்குன்னு சொல்ற வரைக்கும் யாரும் விடை எங்கேன்னு கேக்க மாட்டாங்க. அடுத்த வாரம் என் ஒப்பந்தத்தை நீட்டிக்கற குழு கூடுது. ஏற்கெனவே ரெண்டு தடவை சொதப்பியிருக்கேன். மூணாவதும் போச்சுன்னா வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்க. வீட்டுல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான். குழு முடியற வரைக்கும் விட்டுடேன்.”

“குழு என்னிக்கு?”

“வர்ற ஒண்ணாம் தேதி.”

அதற்கு முந்தின நாளுக்குள் நான் அங்கே சேர்ந்தாக வேண்டும். மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். உன் பூஜ்யத்துக்கு என் மகளா பலி என்று கேட்க வாயெடுத்தேன். அவர் மேஜைமேல் கையை ஊன்றி, சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். கேட்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

படியில் உட்கார்ந்து யோசித்தேன். அவர் திரையைப் பொய் சொல்லவிட்டு உள்ளே ஒளிந்திருக்கிறார். நான் எல்லாம் தெரிந்தவள் என்று காட்டிக்கொள்ளப்போய் அகப்பட்டுக்கொண்டேன். இருவரையும் சேர்த்துக் கட்டியிருப்பது ஒரே ஒரு செத்த கணக்கு. அதை நிறுத்தினால் காரணம் கேட்பார்கள். கீழ்க்கூடத்துப் பதிவேட்டில் அது யார் பெயரில் ஓடுகிறது? என் பெயரில். நிறுத்தியதும் யார் என்று பதிவாகும்? நான்.

பதினோரு மணிக்குக் கீழ்க்கூடத்துக்குப் போய், கணக்கின் எண்ணை இரண்டு முறை சரிபார்த்து, நிறுத்தும் கட்டளையை அடித்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

இயக்குநர் அறைக்கு நானே போனேன். “சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. வேற ஒரு கணக்கை நிறுத்தப்போய், எண்ணை மாத்தி அடிச்சுட்டேன். கடலக்காவோட கணக்கு நின்னுடுச்சு.”

ஊசியெல்லாம் போய் அவருக்குக் கடப்பாரையே வந்துவிட்டது. “நாப்பத்தோரு நாள் கணக்கும்மா! ரெண்டு வருஷமா இதையேதானே கட்டிக்கிட்டு அழறீங்க? ஒரு எண்ணைப் பார்த்து அடிக்கத் தெரியாதா? உங்களை நம்பி இந்த நிலையத்தையே விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!”

அதற்குள் கடலக்காவை வரவழைத்திருந்தார்கள். திரையைப் பார்த்திருக்கிறார், முகம் வெளுத்திருந்தது. “சார், அது வந்து…” என்று ஆரம்பித்தார். அவர் காலை என் செருப்பால் அழுத்தி மிதித்தேன்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்” என்று இயக்குநர் அவரைக் கையமர்த்தினார். “இவங்க பண்ணின கூத்துக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? மூணு மாசம் கூடக் கொடுக்கச் சொல்லிக் குழுவுக்கு நானே எழுதறேன். திரும்பப் போடுங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்க பேர்ல இப்ப என்ன ஓடுது?”

“ஒண்ணும் ஓடலை சார்.”

“அப்ப கிளம்புங்க. இங்க இருந்து இன்னும் எதையாவது நிறுத்திவைக்காதீங்க.”

ஆணை அரை மணியில் கைக்கு வந்தது. கீழே ஒரு குறிப்பும் இருந்தது: ‘கவனக்குறைவானவர். பொறுப்பான கணினிப் பணிகளுக்கு ஏற்றவர் அல்லர்.’ இரண்டு வருடம், எண்ணூறு கோப்பு, மூன்று வாரம் கண்விழித்து எழுதிய நிரல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒற்றை வரி. போகும் இடத்துக்கும் இது என்னோடு வரும். வலித்தது, வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

தாழ்வாரத்தில் கடலக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்தத் தடவை முதல் நாளே விடையைத் திறந்து பாருங்கக்கா” என்று மட்டும் சொன்னேன்.

ஜன்னலோரம் போய்க் கணவருக்கு அடித்தேன். “விட்டுட்டாங்க. நாளைக்கு வரேன்.”

“நெஜமாவா? எப்படி விட்டாங்க?”

“எனக்கு வேலை தெரியலையாம்.”

“உனக்கா?” என்றார்.

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.